மூணு பேர்தான்

அந்த வீட்டுக்குள் வந்து அரைமணி நேரம் கழித்துத்தான் ஜாஹிராவுக்கு உறைத்தது, இக்ராவின் செருப்பு கத்தவில்லை.

நடந்தால் கீச் கீச்சென்று கத்துகிற ரப்பர் செருப்பு. போளூரில் முபாரக் வைத்திருக்கும் செருப்புக் கடைக்குப் புதுச் சரக்கு வந்தபோது மகளுக்கென்று மஞ்சளில் ஒரு ஜோடி எடுத்து வந்திருந்தான். மூன்று மாதமாக அந்தச் சத்தத்தில்தான் அவர்கள் வீடு விடிந்தது. வீட்டுக்குள் போடாதே என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்காதவள், இங்கேயும் அதைப் போட்டுக்கொண்டு கூடத்தின் சிவப்புத் தரையில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். கூடத்தில் ஏரிச் சேற்றின் வாசனையும் நெடுநாள் பூட்டிக் கிடந்த அலமாரியின் அந்துருண்டை வாசனையும் கலந்து நின்றன. வெளியே தவளைகள். எங்கோ ஒரு மோட்டார் கொட்டாய் முனகல். குழந்தையின் ஓட்டத்துக்கு மட்டும் சத்தமில்லை.

ஜாஹிரா ஒரு செருப்பைக் கழற்றிக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். கீச். மறுபடி மாட்டிவிட்டாள்.

“நட பாப்பா.”

இக்ரா நடந்தாள். ஒன்றுமில்லை.

“இன்னாங்க, இவ செருப்பு கத்த மாட்டேங்குதே?”

“நிம்மதியா கீது, வுடு,” என்றான் முபாரக், பையைத் திறந்துகொண்டே. “நம்ப கடை சரக்கு. மூணு மாசம் கத்தனதே பெருசு.”

மறுநாள் காலை கடலோரத் தீம் பார்க். நான்கு வருடமாக மகன் லுக்மான் கேட்டுக்கொண்டிருந்தது. பார்க்குக்குள்ளேயே தங்கும் அறைகளின் வாடகையைப் பார்த்த அன்று முபாரக் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தான். பிறகு யாரோ சொல்லி, உத்திரமேரூரைத் தாண்டி சாலவாக்கம் போகிற வழியில், ஏரிக்கரையை ஒட்டிய இந்த வீடு கிடைத்தது. வீட்டுக்காரர் சென்னையில் இருக்கிறார். தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார். ராத்திரி படுத்தெழுந்து விடியலில் கிளம்பினால் கேட் திறக்கும் நேரத்துக்குப் போய்விடலாம்.

தலைக்கு இவ்வளவு என்றதும் ஜாஹிராவுக்கு வழி தெரிந்துவிட்டது. அவள் யோசிக்கக்கூட இல்லை. இக்ராவுக்கு ஐந்தரை வயது. பஸ்ஸில் ஏறினால் நாலு என்பாள். கண்டக்டர் பக்கத்தில் வரும்போது “காலை மடக்கிக்கோ” என்பாள். குழந்தை காலை மடக்கி, தோளைக் குறுக்கி, தாடையை மார்பில் புதைத்து, அம்மாவின் மடியில் ஒரு துணி மூட்டை அளவுக்குச் சுருங்கிவிடும். பொருட்காட்சி, ரயில், கல்யாண மண்டபத்தின் தங்கும் அறை, எல்லா இடத்திலும் அவளைக் கொஞ்சம் குறைத்தே சொல்லிப் பழகிவிட்டது. இந்த முறை இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

சாயங்காலம் வந்து நின்றபோது, வேனில் பின்சீட்டுக்குக் கீழே போர்வைக்குள் இக்ரா படுத்திருந்தாள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மார்த்தாள் வாசற்படியில் நின்றிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். காட்டு வேலையில் கறுத்து இறுகிய கைகள்.

“எத்தினி பேருமா?”

“மூணு பேர்தான்.”

“நல்லா சொல்லு. எத்தினி பேரு?”

“மூணு பேருக்கா. நானு, அவரு, பையன்.”

மார்த்தாளின் பார்வை வேன் பக்கம் போய்விட்டு வந்தது. சாவியை இன்னும் நீட்டவில்லை. “உள்ள கால் வெக்கறதுக்கு மின்ன சொல்றதுதான். அப்பால என்னால மாத்த முடியாது. எத்தினி பேரு?”

“அதான் மூணுன்றமே,” முபாரக் சிரித்தான். “ஓட்டர் லிஸ்ட்டா எடுக்கறீங்க?”

மார்த்தாள் சிரிக்கவில்லை. மூன்று பாய், மூன்று தலையணை, மூன்று டம்ளர் எடுத்து வைத்துவிட்டு, களத்துமேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த தன் ஷீட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் தலை மறைந்ததும் ஜாஹிரா பின்கதவு வழியாக இக்ராவைக் கொண்டுவந்தாள். குழந்தை வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணால் மட்டும் சிரித்துக்கொண்டு உள்ளே வந்தது.

முபாரக் உத்திரமேரூர் போய் பரோட்டா வாங்கிவந்தான். மூன்று பொட்டலம்.

“நாலு வாங்கலியா?”

“மூணு பேருக்கு மூணு போதாதா? சேர்வா நிறைய ஊத்தச் சொன்னேன்.”

ஜாஹிரா தன் பொட்டலத்தைப் பிய்த்து இக்ராவுக்கு ஊட்டினாள். செலவு விஷயத்தில் முபாரக் அப்படித்தான், சின்னதுக்குத் தனி இலை எதுக்கு என்பான். லுக்மான் ஒரு காலைத் தங்கை உட்கார்ந்திருந்த பாய்மேல் நீட்டிக்கொண்டு போனில் பார்க்கின் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். வழியெல்லாம் ஜன்னலோரத்துக்காக அவளோடு அடித்துக்கொண்டு வந்தவன். “ஏய் எலி, தள்ளு” என்று இருபது முறையாவது சொல்லியிருப்பான். இங்கே வந்ததிலிருந்து ஒரு சண்டை இல்லை. அந்த அமைதி முதலில் ஜாஹிராவுக்கு இதமாகக்கூட இருந்தது.

“அம்மா, அண்ணன் எங்கூட பேச மாட்டேங்குது,” என்றாள் இக்ரா.

“நீ இன்னா பண்ண அவன?”

“நான் ஒண்ணியும் பண்ல.”

விளக்கை அணைத்தபின் ஜாஹிரா தினமும் செய்வதுபோல் பாதுகாப்புக்கு ஓதி, லுக்மானின் தலையில் ஊதிவிட்டுப் படுத்தாள். ஏரிக்கரைக் கொசு போர்வைக்குள்ளும் வந்து கடித்தது. முபாரக் தூக்கத்திலேயே காலைச் சொறிந்தான், லுக்மான் கையை அறைந்துகொண்டான். ஓடுகளுக்கு அடியில் ஏதோ நகர்ந்து நகர்ந்து நின்றது. எலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே கண்ணயர்ந்தாள்.

விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் விழித்துக்கொண்டாள். எதையோ செய்யாமல் விட்ட உறுத்தல். அடுப்பு? இல்லை, வீடு போளூரில். கதவா? கதவு சாத்தியிருந்தது. மல்லாந்து கிடந்து ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டே வந்தாள். சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

இக்ராவுக்கு ஊதவில்லை.

பிறந்த நாளிலிருந்து ஒரு ராத்திரிகூடத் தவறவிட்டதில்லை. காய்ச்சலில் மயங்கிக் கிடந்தபோதுகூட விட்டதில்லை. திரும்பிப் பார்த்தாள். பாய்க்கு வெளியே, வெறுந்தரையில், இக்ரா விழித்துக்கொண்டு படுத்திருந்தாள். காலை மடக்கி, தோளைக் குறுக்கி, தாடையை மார்பில் புதைத்து. யாரும் அவளை அப்படிப் படுக்கச் சொல்லவில்லை.

போன் வெளிச்சத்தில் அவள் கைகால்களைப் பார்த்தாள். மற்ற மூவருக்கும் உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வீங்கியிருந்தது. இக்ராவின் தோலில் ஒரு கடிகூட இல்லை.

“கொசு கடிக்கலயா கண்ணு?”

“எங்கிட்ட வர்லமா,” என்றாள். கொசுவும் பேச மாட்டேனென்று சொல்லிவிட்டது போன்ற குரல்.

ஜாஹிரா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு களத்துமேட்டைத் தாண்டி ஓடினாள். வைக்கோலின் ஈர வாசனை. கால் நனைந்தது. மார்த்தாள் எழுந்து வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நாங்க நாலு பேருக்கா. பொய் சொல்ட்டேன். காசு தந்துடறேன், ரெண்டு பங்கா தந்துடறேன். நாலுன்னு வெச்சிக்குங்க.”

மார்த்தாள் சொம்பைக் கீழே வைத்தாள்.

“எங்க கீது கொயந்த?”

“இதோ. இடுப்புல.” ஜாஹிரா குழந்தையைக் கீழே இறக்கி முன்னால் நிறுத்தினாள். “இதோ பாருங்க.”

“எம்மாம் ஒசரம்?”

“என் இடுப்பளவு.”

மார்த்தாள் குனிந்து, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அந்த உயரத்தில் கையை நீட்டி மெல்லத் தடவிக்கொடுத்தாள். இக்ராவின் தலைக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் காற்றை. இக்ரா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு நகர்ந்து போய், தானாகவே அதற்குக் கீழே தலையை வைத்தாள்.

“மூணு தபா கேட்டனேமா,” என்றாள் மார்த்தாள். அவள் குரலில் கோபமே இல்லை. “இந்த வூட்டு வேலைக்கி சேரச்சொல்ல நானும் தனியாளுன்னு சொன்னேன். புள்ளகுட்டிக்காரி வேணான்னாங்க, அதனால.” தன் வீட்டுக்குள் கட்டியிருந்த கொடியைக் கண்ணால் காட்டினாள். சேலைகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஊதாச் சட்டை தொங்கியது. “அது யாருதுன்னு எனக்குத் தெரில. துவச்சித் துவச்சிப் போட்டுக்கினு கீறேன். தூக்கிப் போட கை வர மாட்டேங்குது.”

“நான் இன்னா பண்ணணும்?”

“பேரச் சொல்லிக்கினே இரு. வுட்றாத. நான் வுட்டுட்டேன்போல கீது.”

வீட்டில் முபாரக் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். ஜாஹிரா அவன் முன்னால் போய் நின்றாள். இக்ராவின் கை அவள் கைக்குள் இருந்தது. சூடான கை. உண்மையான கை.

“நமக்கு எத்தினி புள்ளைங்க?”

“காலங்காத்தால இன்னா கேள்வி?” வாயிலிருந்த நுரையைத் துப்பினான். “ஒண்ணு. அது ஒண்ணே பத்துக்குச் சமம்.”

“அத்தா,” என்றாள் இக்ரா.

அவன் வாயைக் கொப்பளித்தான்.

“அத்தா. அத்தா.”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழந்தை நின்ற இடத்தின் வழியாகவே நடந்து உள்ளே போனான். இக்ரா சட்டென்று சுவரோடு ஒட்டி வழிவிட்டாள். ஜாஹிரா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். யாரும் காணாதவள்போல் ஒதுங்கி நிற்க அவளுக்கு எவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது. கற்றுக்கொடுத்தது யார்.

அந்த வீட்டைவிட்டுப் போனால் சரியாகிவிடும். அப்படித்தான் நம்பினாள். முன்சீட்டில் உட்கார்ந்து இக்ராவை மடியில் இருத்தி, இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள். வேன் ஏரிக்கரையை விட்டிறங்கி ரோட்டில் ஏறியது. நாற்று வயல்களின்மேல் வெயில் படரத் தொடங்கியது. இக்ரா, இக்ரா, என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். இக்ரா. மார்ச் மாதம் பிறந்தவள். ஆரணி ஆஸ்பத்திரி. வலக்காதுக்குப் பின்னால் மச்சம். வெண்டைக்காய் பிடிக்காது. இக்ரா. சாலவாக்கம் கடந்தது. ஆஸ்பத்திரி எந்த ஊர்? இக்ரா. மச்சம் வலதிலா இடதிலா? திருப்பிப் பார்த்தாள். வலது. இக்ரா, இக்ரா.

“இன்னா ஓதிக்கினே வர?”

“நம்ப பொண்ணு பேரு.”

முபாரக் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். கியரிலிருந்து கையை எடுத்து, இக்ராவின் வழியாக நீட்டி, மனைவியின் கையைத் தொட்டான்.

“பொண்ணு வேணும்னு மனசுல ஆசை கீதா? சொல்லவே இல்லியே நீ. பாக்கலாம் ஜாஹிரா. இன்ஷா அல்லா.”

பதில் சொன்னால் பெயர் நின்றுவிடும். தொண்டை வறண்டது. இக்ரா. மடியில் கனம். இக்ரா. கனம். குழந்தை நிமிர்ந்து அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டு வந்தது. அவள் வேகம் குறையும்போதெல்லாம் தன் சின்ன விரலால் அந்த உதடுகளைத் தொட்டது. இக்ரா. கடல்காற்றின் உப்பு. இக்ரா. இக்...

“அம்மா! ஜெயன்ட் வீல்! அங்க பாருமா!” பின்சீட்டிலிருந்து லுக்மான் கத்தினான்.

ஜாஹிரா நிமிர்ந்தாள். சவுக்குத் தோப்புக்கு மேலே, வெயிலில் மின்னிக்கொண்டு, பெரிய ராட்டினம் மெதுவாகச் சுற்றியது. அழகாக இருந்தது. ஒரு கணம்தான் பார்த்தாள்.

வேனை நிறுத்தி இறங்கியபோது அவளுடைய இரண்டு தொடையும் மரத்துப்போயிருந்தன. ஏதோ பாரத்தை நெடுநேரம் மடியில் வைத்திருந்ததுபோல. உதடுகள் வெடித்திருந்தன. எதையோ ஓதிக்கொண்டு வந்தோம், என்னவென்று யோசித்தாள். வரவில்லை. தூக்கம் சரியில்லை, கொசு. லுக்மான் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

டிக்கெட் கவுன்டரில் முபாரக் மூன்று வாங்கினான். கேட்டருகே வரிசை நகர்ந்தது. யாரோ அவள் புர்காவைப் பின்னாலிருந்து பிடித்திழுத்தார்கள். திரும்பினாள். ஒரு பெண்குழந்தை. ஐந்து வயதிருக்கும். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

“யாரு பாப்பா நீ?” ஜாஹிரா குனிந்தாள். “உங்க அம்மா எங்க?”

குழந்தை அவளையே பார்த்தது. வாய் திறந்து மூடியது. சத்தம் வரவில்லை.

“பயப்படாத. இங்கியே நில்லு. அம்மா தேடிக்கினு வருவாங்க.” இறுகப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், பிரித்துவிட்டாள். ஐந்தாவது விரலைப் பிரிக்கும்போது ஏனென்று தெரியாமல் கண் நிறைந்தது. இப்படி ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போக எந்தத் தாய்க்கு மனசு வரும்?

“யார்கூட பேசிக்கினு கீற? வா,” என்று முபாரக் உள்ளிருந்து கூப்பிட்டான்.

இரும்புத் தடுப்பு சுழன்று அவளை உள்ளே விட்டது. நான்கடி போய்த் திரும்பிப் பார்த்தாள். கூட்டம் அந்தக் குழந்தையைச் சுற்றி வளையாமல், அதன் வழியாகவே வந்துகொண்டிருந்தது. குழந்தை இப்போது அழவில்லை. காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து, தோளைக் குறுக்கி, தன்னால் முடிந்தவரை சின்னதாகிக்கொண்டு, அவளைப் பார்த்தது.

ஜாஹிரா கையசைத்தாள்.

குழந்தையும் கையசைத்தது.