ஆறு நான்குகள்

இந்துஜா சீட்டைப் பிரித்ததும், பக்கத்தில் இருந்த வாசு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். சீட்டில் 444,444 என்று எழுதியிருந்தது.

"ஐயோ, ஆறு நாலு! சுவே நம்பர்லா இது! ராசியே இல்ல!"

சாலாக் செலாத்தானில் வாசுவின் சீன அண்டை வீட்டாருக்கு நான்கு என்றாலே ஆகாது; அவர்கள் மொழியில் அது 'சாவு' என்பதுபோல ஒலிக்கும். அவர்களோடு பழகிப் பழகி வாசு வீட்டுக்கும் அது ஆகாமல் போயிருந்தது.

"சீட்டை மாத்த முடியாது," என்றார் ஜெயமாலா டீச்சர். "ஒன்னுலேர்ந்து நாப்பது வரைக்கும், எந்தெந்த எண்ணால உங்க எண் மீதி இல்லாம வகுபடும்னு கண்டுபிடிங்க. அதிகமா கண்டுபிடிக்கிற ஜோடி கிள்ளான் கணித விழாவுக்குப் போகலாம்."

போன வருடம் அந்த வாய்ப்பு இந்துஜாவுக்கு நூலிழையில் தவறியது. இந்த முறை விடுவதாக இல்லை. ஆனால் கூட்டாளி பென்சிலையே தொட மாட்டேன் என்கிறானே!

முன்வரிசையில் தனேஷ் தன் சீட்டை ஆட்டிக் காட்டினான். "எங்களுக்கு ஐந்நூறாயிரம்! பின்னால அஞ்சு சைபர்லா!"

இந்துஜாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு வாசுவிடம் கேட்டாள்.

"உங்க வீடு எந்த மாடி?"

"3A."

"மூணாவது மாடிக்கு மேல உள்ளதுதானே? மூணுக்கு அடுத்தது என்ன?"

வாசு விரல் விட்டு எண்ணினான். "நாலு."

"நாலுன்னு போடப் பயந்து 3Aன்னு எழுதியிருக்காங்க. அப்போ பொறந்ததுலேர்ந்து நாலாவது மாடியிலதான் தூங்குற. என்ன ஆச்சு?"

வாசு நன்றாக யோசித்தான். "கொசு கடிச்சுச்சு."

இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாசு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, ஏழு என்று வரிசையாகக் கிடைத்தன. பதினான்கோடு பத்து எண்கள் ஆயின. பிறகு பதினைந்து வகுபடவில்லை. பதினாறும் இல்லை. இருபது வரைக்கும் ஒன்றுகூட இல்லை.

"முடிச்சாச்சு, மொத்தம் பதினொன்னு!" என்று தனேஷ் பென்சிலைக் கீழே வைத்தான்.

"பார்த்தியா, சுவே வேலையைக் காட்டுது," என்று வாசு முணுமுணுத்தான்.

"டீச்சர் இருபதோட நிறுத்தச் சொன்னாங்களா?" இந்துஜா விடவில்லை. "மூணாலயும் வகுபட்டுச்சு, ஏழாலயும் வகுபட்டுச்சு. அப்போ இருபத்தொன்னாலயும் வகுபடணும். போட்டுப் பாரு!"

வாசு போட்டுப் பார்த்தான். வகுபட்டது! இருபத்திரண்டு, இருபத்தாறு, இருபத்தெட்டு என்று அவனே அடுத்தடுத்துப் பிடித்தான். முப்பத்து மூன்றும் முப்பத்தொன்பதும் சேர்ந்தன. முப்பத்தேழை யாரும் சீண்டமாட்டார்கள். இந்துஜா பொறுமையாக வகுத்தாள். அதுவும் மீதியில்லாமல் வகுபட்டது.

மணி அடித்தபோது அவர்களிடம் பதினேழு எண்கள் இருந்தன. டீச்சர் இருவர் பெயரையும் பலகையில் எழுதினார். இந்துஜாவுக்குத் தலைகால் புரியவில்லை.

தனேஷ் மெல்லப் பக்கத்தில் வந்தான். "முப்பத்தேழு எப்படிலா வகுபட்டுச்சு?"

இந்துஜா காகிதத்தைத் திருப்பி அவனுக்குக் காட்டினாள்.

எல்லோரும் கேன்டீனுக்கு ஓடினார்கள். வாசு மட்டும் எழுந்திருக்கவில்லை.

"வாடா, மீ கோரேங் தீர்ந்துடும்!" என்று வாசலில் நின்று கூப்பிட்டாள் இந்துஜா.

"இருலா. டீச்சர் நாப்பதோட நிறுத்திட்டாங்க. நாப்பத்தி நாலால வகுபடுதான்னு பார்க்கணும்."

விடை 10,101 என்று வந்தது. மீதி எதுவும் இல்லை.