பட்டியலில் ஆறாவது

"அண்ணி! கொஞ்சம் இங்க வாங்க!"

கொழுந்தனின் குரலில் காரம் இருந்தது. அடுப்பைத் தணித்துவிட்டு, ஈரக்கையைத் துடைத்தபடி அவள் கூடத்துக்கு வந்தாள். பதினொரு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. அன்று காலையிலிருந்து அவள் கடிகாரத்தைப் பார்ப்பது நூறாவது தடவையாக இருக்கும்.

கொழுந்தனுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை. சற்றுமுன் மேலதிகாரியோடு பேசிக்கொண்டிருந்தபோது நெட் நின்று, வாயைத் திறந்த கோலத்திலேயே இரண்டு நிமிடம் அத்தனை பேர் முன்னாலும் காட்சி தந்திருக்கிறான். அந்த அவமானத்தை இறக்கி வைக்க அவனுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. எப்போதும்போல அண்ணி கிடைத்தாள்.

"நம்ம வைஃபைல யாரோ பூந்திருக்காங்க. இங்க பாருங்க... அம்மா போன், உங்க போன், என் போன், லேப்டாப், டிவி. எல்லாத்துக்கும் நான் பேரு போட்டு வச்சிருக்கேன். அண்ணன் ஆபீஸ் போயிட்டா அஞ்சுதான் இருக்கணும். ஆறாவதா ஒண்ணு இருக்கே, இது யாரு? பத்து மணிக்கு வருது, அஞ்சு மணிக்குப் போகுது. ஏதோ ஆபீஸ் போற மாதிரி!"

அவள் பார்வை மாடிப் பக்கம் போய்த் திரும்பியது.

ஆபீஸ் போகிற ஆள்தான் அது. அவள் புருஷன். இரண்டு மாதம் முன்பு கம்பெனியில் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தானே கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்த்த தம்பியிடம் போய் இதை எப்படிச் சொல்வது என்று கூசிப்போனான் மனுஷன். தினமும் டிபன் பாக்ஸோடு வாசல் வழியாகப் போவான், தெருவைச் சுற்றிக்கொண்டு பின்பக்க மாடிப்படி ஏறுவான், பழைய சாமான் அறையில் உட்கார்ந்து வேலை தேடுவான். சொந்தப் போனைப் போட்டால் தம்பியின் பட்டியல் 'அண்ணன்' என்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால், இந்த வீட்டுக்கு வைஃபை வருவதற்கு முன்பே பீரோவில் தூங்கப் போய்விட்ட தன் பழைய போனை எடுத்து அவள்தான் கொடுத்தாள். இன்றைக்கு, பதினொரு மணிக்கு, கடைசிச் சுற்று நேர்காணல்.

"இன்னைக்கு ஒரு நாள் விட்டுடுங்க தம்பி... சாயங்காலம் பாத்துக்கலாமே."

சொன்ன பிறகுதான் தப்பு செய்துவிட்டோம் என்று உறைத்தது.

"அப்படின்னா உங்களுக்குத் தெரியும்!" கொழுந்தன் எழுந்துவிட்டான். "பாஸ்வேர்டு தெரிஞ்சது உங்களுக்கும் எனக்கும்தான். அண்ணன் போன்லகூட நான்தான் போட்டுக் குடுத்தேன். யாருக்குக் குடுத்தீங்க?"

"பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவுக்கு... பாவம்னு..."

"அவங்க ஊருக்குப் போயி பத்து நாளாச்சு அண்ணி!"

சோபாவிலிருந்து மாமியார் ஆரம்பித்தாள். "வீட்டுப் பொருளை வெளியில தூக்கிக் குடுக்குற கை இது! கேட்டா பொய் வேற! இத்தனை வருஷமா உன்னை நம்பி சாவிக்கொத்தைக் குடுத்து வச்சேனே..."

"அத்தை, சத்தியமா நான் எந்தத் தப்பும்..."

"பின்ன யாருக்காக இப்படித் துடிக்கிறீங்க?" கொழுந்தன் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "அண்ணன் இல்லாத நேரமாப் பாத்து வர்ற ஆளு யாரு?"

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் மானம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் மாடியில் இருப்பவன் மானம் போய்விடுமே! சமையலறை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"இதோ, ஆளையே வெட்டி விடுறேன்!" என்று கொழுந்தன் பொத்தானை அழுத்தினான். மணி பதினொன்று ஐந்து.

சிறிது நேரத்தில் பின்கதவு திறந்தது. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, டை, தலைமுடியில் ஒட்டடை. மேலே நடக்கிற சத்தம் கீழே கேட்டுவிடுமே என்று கழற்றிய ஷூ ஒரு கையில், பழைய போன் மறு கையில்.

"தம்பி... நெட்டு போயிடுச்சாடா?"

அவன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். லேப்டாப் திரையில் இருந்த பட்டியலைப் பார்த்தான். புரிந்துவிட்டது.

"அந்த ஆறாவது ஆளு நான்தான்டா. ரெண்டு மாசமா எனக்கு வேலை இல்ல. உன் முன்னால தலைகுனிய வெக்கப்பட்டுக்கிட்டு இவளைத் தலைகுனிய வச்சுட்டேன்... இப்ப பேசிட்டிருக்கும்போதே கட்டாயிடுச்சு. அதான் இறங்கி வந்தேன்."

கொழுந்தனின் முகத்தில் ஈயாடவில்லை. வெட்டியதைத் திரும்பச் சேர்க்கும் இடத்தைத் திரையில் தேடினான், கிடைக்கவில்லை.

"அண்ணே... என் ரூமுக்குப் போண்ணே. இந்த லேப்டாப்பையும் எடுத்துக்கோ. எங்க வீட்டு நெட்டுல கோளாறுன்னு சொல்லு, திரும்பக் கூப்பிடுவாங்க. போண்ணே!"

அண்ணனை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினான். நெட் முழுக்க அண்ணனுக்கே கிடைக்கட்டும் என்று டிவியை நிறுத்தினான், போன்களை எல்லாம் அணைத்தான். பிறகு தள்ளிப்போட முடியாமல் சமையலறை வாசலுக்கு வந்து நின்றான்.

"அண்ணி! நான் என்ன வார்த்தை கேட்டுட்டேன்... என்னைச் செருப்பால..."

"மெதுவா தம்பி." அவள் கிசுகிசுத்தாள். "அவர் பேசுறது கெட்டுடும்."

அவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"பொய் சொன்னேன்னு கண்டுபிடிச்சீங்க. அது நிஜம்தான், சொன்னேன்." அவள் குரல் எழவே இல்லை. "ஆனா கடைசியா ஒண்ணு கேட்டீங்களே... அதை மறக்க எனக்கு நாளாகும். கோபத்துல சொல்லல. உள்ளதைச் சொல்றேன்."

"எத்தனை நாளானாலும் சரி அண்ணி..."

அவனை விலக்கிக்கொண்டு மாமியார் வந்தாள். மருமகளின் இரண்டு கையையும் பிடித்தாள். "இந்தக் கையைப் போயி நான்..." என்று தொடங்கியவளுக்கு விம்மல் வெடித்துவிடும்போல் வந்தது. மருமகள் சட்டென்று தன் முந்தானையால் அவள் வாயைப் பொத்தி, தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். கிழவியின் உடம்பு சத்தமே இல்லாமல் குலுங்கியது. அவளுக்கும் அழுகை பொங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து அவள் புருஷனின் குரல் தெளிவாக வந்தது.

"ஆமா சார். இப்ப நல்லா கேக்குது. சொல்லுங்க சார்."