மூன்றாவது டிக்

பதினொரு மாதத்துக்குப் பிறகு துர்க்கா வேலைக்குத் திரும்பிய அன்று, வானம் காலையிலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. ரெக்ஸ்டேலில் ஒரு பழைய கட்டடம். மேல்மாடியில் ஒற்றை அறை. ஏறும் படிகளில் அதே பச்சைக் கம்பளம், அதே பழைய கோப்பி மணம். அவளுடைய கதிரையை யாரோ உயர்த்தி வைத்திருந்தார்கள். அதைப் பதித்துவிட்டு அதில் இருந்தாள்.

ரேடார் நிலையம் என்றதும் பெரிதாக ஒன்றும் நினைக்க வேண்டாம். கூரையில் ஒரு சின்னத் தட்டு சுழலும். நிமிடத்துக்கு ஒரு சுற்று. மழை எங்கே, எவ்வளவு என்று திரையில் வரைந்து காட்டும். ஹம்பர் ஆற்றில் போய் விழும் ஓடைக்கு மேலே கருஞ்சிவப்பு கண்டால், கீழே ஓடைக்கரைத் தெரு தண்ணீருக்குள் போகப்போகிறது என்று அர்த்தம். அங்கே தெருவை மறிக்கும் கேற்றைப் பூட்ட நிற்கும் ஆளை வோக்கிடோக்கியில் மேட்டுக்குக் கூப்பிட வேண்டும். ஆனால் ஒரு சுற்றை நம்பிக் கூப்பிடக் கூடாது. பறவைக் கூட்டம்கூட ரேடாரை ஏமாற்றிவிடும். இரண்டாவது சுற்றும் அதையே காட்ட வேண்டும். அது அந்த அறையின் சட்டம்.

போன ஜூலையில் கேற்றடியில் நின்றவன் அவளுடைய கணவன் கிருபன்.

சட்டப்படி ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டுத்தான் கூப்பிட்டாள். பதில் இல்லை. மேலை வாங்கோ, மேலை வாங்கோ என்று பொழுதுபடும் வரை கூப்பிட்டாள். ஆளை நாலாம் நாள் உடலாகத்தான் எடுத்தார்கள். அவனுடைய வோக்கி கிடைக்கவேயில்லை. உன்னில் பிழையில்லை என்று எல்லோரும் சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். அவளுக்கு அந்த ஒரு நிமிடம் மட்டும் மிஞ்சியது.

பேச நேரமில்லாதபோது ஆட்கள் வோக்கிப் பொத்தானை இரண்டு தரம் அமுக்குவார்கள்; மற்றப் பக்கம் டிக், டிக் என்று கேட்கும். சொன்னது கேட்டது என்று அர்த்தம். கிருபன் மட்டும் மூன்று தரம் அமுக்குவான். இரண்டு ஒபீசுக்கு, ஒன்று உனக்கு என்பான்.

பின்னேரம் மூன்று மணிக்கு அறை இருண்டது. இப்போது கேற்றடியில் நின்றவன் அன்ட்ரூ. போன மாதம்தான் தகப்பனானவன். வேலை பழகிவிட்டதா என்று காலையில் கேட்டபோது, பிள்ளையின் படத்தைத்தான் காட்டினான்.

திரையில் கேற்றடிக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி நின்றது.

அசையாத எதையும் ரேடார் தானாகவே அழித்துவிடும். மரம், கட்டடம், விளக்குக் கம்பம் ஒன்றும் திரைக்கு வராது. இந்தப் புள்ளி அசையவும் இல்லை, அழியவும் இல்லை.

அடுத்த சுற்றில் ஓடைக்கு மேலே கருஞ்சிவப்பு விழுந்தது.

துர்க்காவின் கை வோக்கியில் இருந்தது. முதல் சுற்று. இன்னும் ஒரு நிமிடம். மூக்கில் ஆற்றுச் சேற்று மணம் ஏறியது. யன்னல்கள் எல்லாம் பூட்டித்தான் இருந்தன.

டிக்.

ஒன்றே ஒன்று.

சட்டம் கிடக்கட்டும் என்று பொத்தானை அமுக்கினாள்.

"அன்ட்ரூ, மேலை ஓடு."

"கேற் இன்னும் பூட்டேல்லை அக்கா."

"பூட்ட வேண்டாம். விட்டிட்டு ஓடு."

டிக், டிக்.

கொஞ்சம் பொறுத்து, மெல்ல, இன்னொரு டிக்.

நாலு நிமிடத்தில் அன்ட்ரூ மேட்டிலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு வோக்கியில் வந்தான். தான் நின்ற இடமே இப்போது இல்லை, கேற்றைத் தண்ணீர் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது என்றான். அவள் ஒன்றைத்தான் கேட்டாள்.

"நீ எத்தினை தரம் அமத்தினனீ?"

"ரெண்டு. ஏன் அக்கா?"

அவள் திரைப் பக்கம் திரும்பினாள். மழை கலைந்து யூனியன்வில் பக்கம் நகர்ந்தது. திரை வெளித்தது. புள்ளி மட்டும் அதே இடத்தில் நின்றது. பதினொரு மாதமாக, அவள் மறுபடி கூப்பிடும் வரை கிருபன் காத்து நிற்கிறானா? வோக்கியை வாயருகே கொண்டுபோனாள்.

"இஞ்சேருங்கோ," என்றாள், மெதுவாக. "நான் ஒரு நிமிசம் பிந்திப்போனன். இனி அங்கை நிக்க வேண்டாம். மேலை வாங்கோ."

அடுத்த சுற்றில் புள்ளி அசைந்தது.

மேட்டுத் தெருவில் தெரிந்தது. பிறகு பஸ் தரிப்பிடத்தில். பிறகு கீழே, இந்தக் கட்டடத்தின் கார்கள் நிற்கும் இடத்தில்.

பிறகு காணவில்லை.

தனக்கு நேர் கீழே நிற்பது ரேடாருக்குத் தெரியாது. துர்க்காவுக்கு அது தெரியும்.

படி ஒன்று முனகியது. அடுத்ததும் முனகியது.

டிக்.

இந்தமுறை அது வோக்கியிலிருந்து வரவில்லை. கதவுக்கு வெளியே கேட்டது.

அவள் பயந்தாள். ஆனாலும் ஒரு நிமிடம் என்ன, ஒரு விநாடிகூடக் காத்திருக்கவில்லை. எழுந்து போய்க் கதவை அகலத் திறந்தாள்.

யாரும் இல்லை. பச்சைக் கம்பளத்தில் சேறும் தண்ணீருமாகச் சப்பாத்துத் தடங்கள் படிப்படியாக ஏறி வந்து, வாசலைத் தாண்டி, அவளுடைய கதிரைக்குப் பின்னால் போய் முடிந்திருந்தன.

இறங்கிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.