டிக்கியில் ஒரு சாட்சி

"சார்! டிக்கியில பாடி!"

மெக்கானிக்கின் அலறலில் ஒர்க் ஷாப்பே அதிர்ந்தது.

காரின் சொந்தக்காரரான பல் டாக்டர் எரிச்சலோடு திரும்பினார்.

"பாடி நசுங்கினதுக்குத்தானய்யா க்ளெய்மே போட்டிருக்கேன்!"

"அந்த பாடி இல்ல சார்... செத்த பாடி!"

டாக்டர் எட்டிப் பார்த்தார். 

டிக்கிக்குள் சுருண்டு கிடந்தவன்... அவர் மனைவியின் தம்பி!

இன்ஷூரன்ஸ் சர்வேயர் அசரவில்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"கார்ல நீங்க மட்டும்தான் இருந்தீங்கன்னு சொன்னீங்களே டாக்டர்?"

பதில் வருவதற்குள்...

பிணம் கொட்டாவி விட்டது!

மெக்கானிக் டயர் அடுக்கின் மேல் தாவி ஏறினான்.

"ஐயோ... இடுப்பு போச்சே..." என்று முனகியபடி எழுந்த மச்சினன், டாக்டரின் காதில் கிசுகிசுத்தான்.

"கூட வந்தவனுக்கும் நஷ்டஈடு உண்டாமே மாமா! காலையில பின்சீட்டைச் சாய்ச்சு உள்ள பூந்தேன். அப்படியே தூங்கிட்டேன்."

டாக்டர் அவசரமாக அவன் வாயைப் பொத்தினார்.

எந்த லாரியும் அவர் மேல் மோதவில்லை! நேற்று சாயங்காலம் ரிவர்ஸ் எடுக்கும்போது, தன் வீட்டு கேட்டைத் தானே பெயர்த்துத் தள்ளியிருந்தார். மனைவிக்குத் தெரிந்தால் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். அதனால்தான், 'பெரிய சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து லாரி இடித்தது' என்று க்ளெய்ம் ஃபாரத்தில் ஒரே போடாகப் போட்டிருந்தார்.

சர்வேயர் மச்சினனை நெருங்கினாள்.

"இடிச்சப்போ டிக்கியிலயா இருந்தீங்க?"

"மாமா என்னை எப்ப மேடம் முன்னாடி ஏத்தியிருக்கார்?"

"லாரி என்ன கலர்?"

"இடுக்கு வழியா பார்த்தேன்... சிவப்பு!"

"கரெக்ட்!"

டாக்டர் திடுக்கிட்டார். இல்லாத லாரிக்கு எது கரெக்ட்?!

சர்வேயர் செல்போனை எடுத்தாள்.

"இன்ஸ்பெக்டர்... அந்தக் கார் கிடைச்சிடுச்சு. உடனே வாங்க!"

"எ... எந்தக் கார்?"

"நேத்து அதே சிக்னல்ல ஒரு கார் நிக்காம குறுக்க பூந்துச்சு. சிவப்பு லாரி அதோட பின்பக்கத்துல இடிச்சு, நேரா போலீஸ் பூத்துக்குள்ள பாஞ்சிடுச்சு. உள்ள இருந்த போலீஸ்காரருக்குக் கால் முறிஞ்சுது. கார் ஓடிப்போச்சு. இடம், நேரம், லாரி... எல்லாத்தையும் நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டீங்க. நின்னேன்னு சொன்னது மட்டும்தான் பொய். சாட்சி வேற டிக்கியிலயே இருக்கார்!"

"ஐயோ மேடம்! நான் என் வீட்டு கேட்டைத்தான் இடிச்சேன்! டேய், உண்மையைச் சொல்லுடா!"

"சொன்னா நஷ்டஈடு வராதே மாமா!"

மனைவிக்கு போன் போட்டார் டாக்டர். ஸ்பீக்கரில்!

"நம்ம கேட்டை நான்தான்மா இடிச்சேன்! இந்த மேடம்கிட்ட கொஞ்சம் சொல்லேன்!"

எதிர்முனையில் பல்லைக் கடித்த குரல்.

"உளறாதீங்க! பக்கத்து வீட்டுக்காரர்தான் இடிச்சார்னு நான் போட்ட சண்டையில, அவரே ஒத்துக்கிட்டு புது கேட் மாட்டிட்டிருக்கார். நீங்க எதையும் இடிக்கல! புரியுதா?"

வாசலில் ஜீப் வந்து நின்றது.

டாக்டர் தொப்பென்று தரையில் உட்கார்ந்தார்.

மச்சினன் போன் பக்கம் குனிந்தான்.

"அக்கா! ராத்திரி மாமா சாப்பிட வர மாட்டார்... அவர் பங்கையும் எனக்கே எடுத்து வை!"