அந்தோனியாருக்கு நேர்ந்த சேவல்

கீழே விழுந்த சத்தம் கேட்கவில்லை.

ரோசம்மா குப்பைக் குழாயின் இரும்பு மூடியைப் பிடித்தபடியே நின்றாள். பிடோக்கில் இந்த அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து, சமையலறைச் சுவரில் இருந்த அந்தக் குழாயின் பாஷை அவளுக்கு அத்துப்படி. மீன் செதில் பொட்டலத்தைப் போட்டால் வழியெல்லாம் சரசரத்துக்கொண்டே இறங்கும். காலிப் பால் டின்னைப் போட்டால் ஒவ்வொரு மாடியிலும் சுவரில் இடித்து, ஒன்பது மாடியும் கடந்து, கடைசியில் தரைத் தொட்டியில் டம்மென்று முடியும். இப்போது அவள் போட்டது உயிருள்ள சேவல். காலையும் அலகையும் கட்டித் தலைகீழாகத் தள்ளியிருந்தாள். இறக்கை இரண்டு தரம் சுவரில் படபடத்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

வாசலில் மறுபடியும் தட்டினார்கள்.

அது கறிக்கு வளர்த்த சேவல் இல்லை. போன வருஷம் மகள் பிலோமிக்கு வலிப்பு வந்து, பிள்ளை ஆஸ்பத்திரியில் விழி செருகிக் கிடந்தபோது, டாக்டர்கள் ஊசி போட்டார்கள், ரோசம்மா தன் பங்குக்கு அந்தோனியாரிடம் மன்றாடினாள். ஒரு கோழிக்குஞ்சை வாங்கிவந்து பிள்ளையின் தலையைச் சுற்றி, இவளுடைய நோவையெல்லாம் இது வாங்கிக்கொள்ளட்டும், வளர்த்து உம் பாதத்தில் கொண்டுவந்து விடுகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். ஜூன் மாதத் திருவிழாவில் பூசை முடிந்ததும் கோயில் வளாகத்தில் நேர்ச்சைச் சேவல்களை ஏலம் விடுவார்கள். அதுவரை சேவல் அந்தோனியாருடையது, வளர்ப்பவர்கள் வெறும் காவல்காரர்கள். அதை அடிக்கக் கூடாது, விற்கக் கூடாது, தன் கையால் கொல்லவே கூடாது. வலிப்பு அதற்கப்புறம் வரவில்லை. பிலோமியும் சேவலும் ஒரே தட்டில் சோறு தின்று வளர்ந்தார்கள்.

திருவிழாவுக்குச் சில வாரங்கள் இருக்கும்போதுதான் பண்ணைகளில் நோய் வந்தது. கோழிகள் கழுத்து முறுக்கிக்கொண்டு, வாயைப் பிளந்து மூச்சுக்குத் திணறி, பச்சையாகக் கழிந்து செத்தன என்று மீனும் கறியும் விற்கும் ஈரச்சந்தையில் பேசிக்கொண்டார்கள். ஒலிபெருக்கி வைத்த வேன் ஒன்று பிளாக் பிளாக்காக வந்து நான்கு மொழியிலும் சட்டம் சொன்னது. அடுக்குமாடி வீடுகளில் கோழி, வாத்து, புறா வைத்திருக்கக் கூடாது. இருப்பவற்றை ஒப்படைக்க வேண்டும். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தூக்கிச் செல்லக் கூடாது. காக்கை, மைனாவுக்கு இரை வைக்கக் கூடாது. மறுநாளே கார் நிறுத்துமிடத்து மரங்களில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. சாயங்காலமானால் காது கிழியக் கத்தும் மைனாக்கள் அன்றோடு அடங்கின, அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கவேயில்லை.

ஒப்படைத்தால் நேர்ச்சை போச்சு. ஒளித்துவைத்துப் பிடிபட்டால் அரசாங்கம் கொடுத்த வீடு போச்சு. ஃபேரர் பார்க்கில் ஒரே அறையை இன்னொரு குடும்பத்தோடு பங்குபோட்டுக் கிடந்த நாட்களுக்குத் திரும்பிப் போக அவள் தயாரில்லை. புருஷன் லாசரஸ் துவாஸ் கப்பல் பட்டறையில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவான், யோசனை கேட்க ஆளில்லை. அதனால் தானே ஒரு வழி செய்தாள். கழுத்தை நீட்டாமல் சேவலால் கூவ முடியாது. குளியலறையில் ஒரு தாழ்வான பிரம்புக் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் கல்லைத் தூக்கி வைத்து, சேவலை உள்ளே முடக்கினாள். விடிகாலையில் அதன் தொண்டையில் கூவல் எழும்பிப் பாதியில் நசுங்கும். பிலோமி கூடையின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதபோது, சத்தம் போட்டால் உன்னையும் இப்படித்தான் கவிழ்த்து வைப்பேன் என்று மிரட்டினாள். மிரட்டியது பலித்தது, பிள்ளை வாயை மூடிக்கொண்டாள்.

இன்று அதிகாரிகள் கீழ்மாடியிலிருந்து ஒவ்வொரு வீடாக ஏறிவரும் பேச்சுக் கேட்டபோது கூடையும் போதாது என்று தோன்றிவிட்டது. கையில் அகப்பட்டது பிலோமியின் சிவப்பு ரிப்பன். அதைத்தான் அலகில் கட்டினாள்.

வாசலில் நின்ற அதிகாரி பரமசிவம் மரியாதையானவர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். சமையலறையைப் பார்த்தார், குளியலறையில் பினாயில் நெடியை மோந்தார், கவிழ்ந்து கிடந்த கூடையைக் காலால் லேசாகத் தள்ளினார்.

"கோழி கீழி எதாச்சும் வளக்குறீங்களா மா?"

"இல்ல சார். எங்க வீட்ல கோழியே இல்ல."

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். கதவைச் சாத்தி, சாய்ந்து நின்று மூச்சு விட்டபோது சமையலறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. நகம் சிமெண்டைப் பிறாண்டும் சத்தம். கீழே எங்கேயோ இல்லை. மூடிக்கு நேர் பின்னால்.

மதியம் பள்ளி விட்டு வந்த பிலோமி, ஒரு சடையில் ரிப்பனும் மறு சடையில் ரப்பர் வளையமுமாக நேரே குளியலறைக்குப் போனாள். காலியான கூடையைத் தூக்கிப் பார்த்தாள். சேவல் எங்கேயென்று கேட்டாள்.

"கோயில்ல குடுத்துட்டேன். ஃபாதர் வாங்கிக்கிட்டார்."

சொல்லி வாயை மூடவில்லை, பட்டப்பகல் வெயிலில், சுவருக்குள்ளிருந்து சேவல் கூவியது. முழுக் கூவல். இத்தனை வாரமாக நசுங்கிக் கிடந்ததையெல்லாம் சேர்த்துவைத்துக் கூவியது. குழாய் முழுக்க அது ஏறி இறங்கி, மூடியின் இரும்பு அதிர்ந்து ஓய்ந்தது. பெரிய வெள்ளியன்று வருஷா வருஷம் கேட்கும் கதை, சேவல் கூவுமுன் தன் ஆண்டவரையே மூன்று தரம் தெரியாதென்று மறுதலித்த சீடரின் கதை, ரோசம்மாவுக்கு நினைவு வந்தது. அந்த மனிதராவது வெளியே போய் அழுதார். இவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

பிலோமி மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது கோயில்ல இல்லம்மா," என்றாள். "உள்ள ரொம்ப இருட்டா இருக்காம்."

அதோடு அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் காலை ரோசம்மா கீழே இறங்கிப் போனாள். பிளாக்கின் குப்பைத் தொட்டிகளைக் காலி செய்யும் நூர்தீன் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு கரண்டியைத் தவறவிட்டுவிட்டதாகப் பொய் சொல்லி, எங்கள் வரிசைத் தொட்டியில் ஏதாவது கிடந்ததா என்று கேட்டாள். கனமாக, இறகு மாதிரி, என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள்.

"ஒன்னும் இல்ல லா அக்கா," என்றார் நூர்தீன். "உங்க லைன்ல நேத்துலேர்ந்து எதுவுமே கீழ வரல. எங்கயோ அடைச்சிருக்கு. யாரோ பெருசா எதையோ போட்டிருக்காங்க."

வீடு திரும்பியபோது குழாயின் மூடி விரலளவு திறந்திருந்தது. போகும்போது அழுத்திச் சாத்தியது நன்றாக ஞாபகம். கிட்டே போனாள். உள்ளிருந்து ஈர இறகும் எச்சமும் கலந்த வெதுவெதுப்பான வாடை, மூச்சு விடுவதுபோல் விட்டுவிட்டு வந்தது. மூடியைச் சாத்திக் கைப்பிடியைக் கயிறு போட்டுக் கட்டினாள்.

அன்றைக்குச் சோறு வைத்தபோது பிலோமி கையை நீட்டவில்லை. கைகளைப் பின்னால் மடக்கிக்கொண்டு, தட்டின்மேல் குனிந்து, பருக்கை பருக்கையாக வாயாலேயே எடுத்தாள். டக், டக் என்று பீங்கானில் பல் பட்டது. ரோசம்மா அவள் தலையில் ஒன்று போட்டாள். பிள்ளை நிமிர்ந்தாள். கழுத்து நேராக நிமிரவில்லை, வலப்பக்கமாகத் திருகி, ஒரு கண்ணால் மட்டும் அம்மாவைப் பார்த்தாள்.

டாக்டரிடம் கொண்டுபோகலாம்தான். கொண்டுபோனால் கேட்பார்கள். வீட்டில் கோழி இருந்ததா, எங்கே அது, ஏன் ஒப்படைக்கவில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது, அதை அவள் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. பண்ணைகளில் சீக்கு வந்ததை என்ன செய்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். சாக்கில் போட்டுக் கட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டாள்.

பிலோமி பள்ளிச் சீருடையைக் கழற்றவும் கட்டிலில் படுக்கவும் மறுத்தாள். சாப்பாட்டு மேசைக்கடியில் குந்தினாள். முழங்காலில் மோவாய் பட, கழுத்தைக் குறுக்கிக்கொண்டு, மணிக்கணக்காக. சன்னலுக்கு வெளியே ஒரு பறவை இல்லை. உள்ளே கயிறு கட்டிய மூடி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சலா என்று ரோசம்மா அவள் தொண்டையில் கை வைத்துப் பார்த்தாள். கை வைத்த இடம் உப்பியிருந்தது. அழுத்தினாள். தோலுக்கடியில் நறநறவென்று நகர்ந்தது.

வேகாத அரிசி.

கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். பிலோமி அசையவில்லை. அவள் தொண்டையில் மட்டும் ஏதோ மேலே எழும்பியது, பாதியில் நசுங்கியது. அந்தச் சத்தம் ரோசம்மாவுக்குப் பழக்கமான சத்தம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. விளக்குப் போடும் நேரம். மேசைக்கடியிலிருந்து பிலோமி வெளியே வந்தாள். கழுத்தை நீட்டினாள். அவ்வளவு நீளக் கழுத்து அந்தப் பிள்ளைக்கு இருந்ததே இல்லை. வாயைத் திறந்தாள். கூவினாள்.

கீழ்வீட்டில் யாரோ சன்னலைத் திறந்து சத்தம் போட்டார்கள். மறுபடி கூவினாள். தாழ்வாரத்தில் கதவுகள் திறந்தன. யாரோ போன் செய்தார்கள் போல, மழை விடுவதற்குள் பூட்ஸ் கால்கள் படியேறி வந்தன.

ரோசம்மா பிள்ளையின் வாயைப் பொத்தினாள். பொத்தியும் நிற்கவில்லை. சடையிலிருந்த மற்ற ரிப்பனை உருவி வாயைச் சுற்றிக் கட்டினாள். குளியலறைக்கு இழுத்துப் போனாள். கூடையைக் கவிழ்த்தாள். ஒரு சேவலை முடக்கவே தாழ்வான கூடை, அதில் ஆறு வயசுப் பிள்ளை எப்படி அடங்கினாள் என்று அவள் யோசிக்கவில்லை. அடங்கினாள். கல்லைத் தூக்கி மேலே வைத்தாள்.

கதவைத் திறந்தாள்.

பரமசிவம் நனைந்திருந்தார். பின்னால் சாக்கோடு இரண்டு பேர். இந்த வீட்டிலிருந்துதான் கூவியது என்று புகார் வந்திருப்பதாகச் சொன்னார். ரோசம்மா வானொலி என்றாள். அவர் வானொலியைத் தேடினார், வீட்டில் வானொலி இல்லை.

"வீட்ல வேற யாரு இருக்கா?"

"யாரும் இல்ல சார்."

வாசலோரம் கிடந்த சின்ன வெள்ளைக் கேன்வாஸ் காலணிகளை அவர் பார்த்தார்.

"பிள்ளை இருக்கா மா?"

"இல்ல," என்றாள் ரோசம்மா. "எனக்குப் பிள்ளையே இல்ல சார்."

குளியலறையில் சேவல் கூவியது.

இரண்டு பேரும் அவளைத் தாண்டிப் போனார்கள். பின்னாலேயே ஓடினாள். சமையலறையைக் கடக்கும்போது கண்ணில் பட்டது. கயிறு அறுந்து தொங்கியது. குழாயின் மூடி முழுசாகத் திறந்து கிடந்தது. ஒரு முழம்கூட அகலமில்லாத வாய். ஒரு பிள்ளை நுழையவே முடியாத வாய். அதன் விளிம்பில் நீலச் சீருடைத் துணியின் ஒரு கிழிசல்.

குளியலறையில் கல் நகர்ந்தது. கூடை நிமிர்ந்தது.

செவலைச் சேவல். அலகில் சிவப்பு ரிப்பன். கழுத்தைக் குறுக்கிக்கொண்டு, ஒரு கண்ணால் அவளையே பார்த்தது.

"கோழியே இல்லன்னீங்களே மா," என்றார் பரமசிவம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அப்போது குழாயிலிருந்து வந்தது. வெகு ஆழத்திலிருந்து. நகத்தால் சுவரைப் பற்றிக்கொண்டிருக்கும் குரல்.

"அம்மா."

மற்ற யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவன் சேவலைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கினான். மறுகையால் கழுத்தைப் பிடித்தான். ரோசம்மாவுக்கு எல்லாம் புரிந்தது. சேவலையும் பிள்ளையையும் தலையைச் சுற்றிப் பிணைத்தது அவள். பிணைத்ததைத் தன் கையால் குழாயில் தள்ளியதும் அவள். இந்தச் சேவல் உயிரோடிருக்கும் வரைக்கும்தான் குழாய்க்குள் பிள்ளை பிடித்துக்கொண்டிருப்பாள். காலில் விழுந்தாள்.

"சார், எம் பிள்ளை சார். எம் பிள்ளை சார் அது. கொன்னுடாதீங்க."

பரமசிவம் குனிந்து அவளைத் தூக்கிவிட்டார். நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"எல்லா வீட்லயும் இதையேதான் சொல்றாங்க மா. பிள்ளையாட்டம் வளத்தேன்னு. என்ன செய்யறது, ஆர்டர்."

தலையை அசைத்தார். அவன் ஈரத்துணி பிழிவதுபோல் மணிக்கட்டைத் திருப்பினான். நொறுங்கிய சத்தம் சின்னதாகத்தான் கேட்டது. ரிப்பன் அவிழ்ந்து தரையில் விழுந்தது.

குழாய்க்குள் ஏதோ பிடி விட்டது.

ஒவ்வொரு மாடியாக, சுவரில் இடித்து இடித்து, அது இறங்கியது. ரோசம்மா கேட்டுக்கொண்டே நின்றாள். ஒன்பது மாடிக்குக் கீழே விழுந்த சத்தம் கேட்டது. சேவலின் கனம் இல்லை அது.