நாலு மணிப் பேய்

சரியாக நாலு மணிக்குத் தொலைபேசி அலறியது. வாலு இரண்டடி பின்வாங்கினாள்.

நேற்றும் இதே நேரம். முந்தாநாளும் இதே நேரம். "யாரு?" என்று கேட்டால் பதிலே வராது. மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்கும். எங்கோ தூரத்தில் ஒரு கதவு கிரீச்சிடும். வாலு ரிசீவரை டொக்கென்று வைத்துவிட்டுப் போர்வைக்குள் புகுந்துகொள்வாள்.

"ராங் நம்பரா இருக்கும்டி" என்று சொல்லிவிட்டு அம்மா தையல் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

வீடே இப்போது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. மாடியறையில் அக்கா கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். சாப்பாட்டைப் பார்த்தாலே அவளுக்குப் பயம். வைத்த தட்டு வைத்தபடியே கதவோரம் ஆறிக்கிடக்கும். போன வாரம் படியில் மயங்கி விழுந்தாள்.

"இது அடம் இல்ல, நோய். பத்து வாரச் சிகிச்சை இருக்கு, நல்லாத் தேறலாம்" என்றார் டாக்டர். ஆனால் அதற்கு நீண்ட வரிசை. அக்காவே போய்ப் பெயர் கொடுத்து மூன்று மாதமாயிற்று. "என்னை மறந்துட்டாங்க" என்று அவள் சொன்னபோது வாலுவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மணி விடாமல் அடித்தது. வாலு எடுத்தாள். அதே மூச்சு. அதே கதவு.

வைக்கப்போனவள் வைக்கவில்லை. பேய் என்றால் அதற்குச் சக்தி இருக்குமே!

"நீங்க பேயா இருந்தாலும் பரவாயில்ல" என்றாள். "எங்க அக்காவைக் காப்பாத்துங்க. அவ சாப்பிடவே மாட்டேங்கிறா. எல்லாரும் அவளை மறந்துட்டாங்களாம். வேணும்னா என்னைப் பிடிச்சுக்கோங்க. சனிக்கிழமை மட்டும் வேண்டாம், ஓட்டப்பந்தயம் இருக்கு."

மூச்சுச் சத்தம் நின்றது.

"யாரும் மறக்கல கண்ணு" என்றது ஒரு பெண் குரல். "ஓடிப்போய் அக்காவைக் கூப்பிடு. மூணாவது தடவையும் அவ பேசலைன்னா, இடம் அடுத்தவங்களுக்குப் போயிடும்!"

வாலு பறந்தாள். "அக்கா! பேய் உன்னைக் கூப்பிடுது!"

அக்கா சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கிவந்தாள். தன் பெயரைச் சொன்னாள். மறுமுனையில் சொன்னதைக் கேட்டாள். அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். "திங்கக்கிழமை வர்றேன்" என்றாள்.

திங்கட்கிழமை வாலுவும் கூடவே மருத்துவமனைக்குப் போனாள். பேய், கொண்டையில் பேனா செருகிய ஒரு குண்டு நர்ஸ்.

"ஏன் பேசவே இல்ல?" என்று வாலு பிடித்துக்கொண்டாள்.

"சிகிச்சைக்கு வர்றவங்க விஷயம் வெளியே தெரியக்கூடாது. அதனால அவங்களே பேர் சொன்ன பிறகுதான் நாங்க வாய் திறக்கணும். இங்க அப்படித்தான் வழக்கம். அன்னிக்கு நீ அழைச்சதுல நான்தான் மீறிட்டேன்."

"அப்போ இன்னும் எத்தனை பேர் பயந்து போனை வச்சாங்களோ!"

நர்ஸ் பதிவேட்டைப் புரட்டினார். 'பதில் இல்லை', 'பதில் இல்லை' என்று பக்கம் பக்கமாக இருந்தது. அவர் முகம் வாடிப்போயிற்று.

"பேர் குடுக்கும்போதே, போன்ல நீங்க யாருன்னு சொல்லிக்கணும்னு அவங்களையே கேட்டு வச்சுக்கோங்களேன்" என்றாள் வாலு.

நர்ஸ் கொண்டையிலிருந்து பேனாவை உருவினார். பதிவேட்டில் புதிதாக ஒரு வரிசைக் கட்டங்கள் போட்டார். முதல் கட்டத்தில் என்ன எழுதுவது என்று அக்கா சொன்னாள்.

ஆறாவது வாரம், நாலு மணிக்குத் தொலைபேசி அலறியது. வாலு பாய்ந்து எடுத்தாள்.

"பேய் பேசறேன். அக்கா இருக்காங்களா?"

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "கொஞ்சம் இருக்கச் சொல்லுடி, வாயில சாப்பாடு இருக்கு!"