பதினேழாவது முளையில் விழுந்த நிழல்

எதையும் மூன்று முறை சரிபார்ப்பவள் நான். ஒரே ஒரு இடத்தை மட்டும் பார்க்காமல் விட்டேன்.

அந்தப் பொட்டலில் நாங்கள் ஜீப்பை விட்டு இறங்கியபோது உச்சி வெயில். சூரிய மின் நிலையம் அமைக்க எங்கள் அலுவலகம் பரிசீலித்த ஒன்பது இடங்களில் இதற்குத்தான் அதிக மதிப்பெண். நல்ல வெயில், சமதரை, பக்கத்திலேயே மின்கம்பி. மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து, 'குடியிருப்பு: இல்லை' என்று நிரப்பியவள் நான். படத்தில் வெள்ளையாக ஒரு சதுரம் மின்னியது. பாறை என்று எழுதினேன். நேரில் போய்ப் பார்க்கலாமா என்று தோன்றியது. நான் படிக்கும் மாலை வகுப்புக்கு நேரமாகிவிட்டதால் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

இப்போது மண்ணைச் சமன் செய்து வரிசையாக முளை அடித்திருந்தார்கள். ஒவ்வொரு முளையிலும் வெயில் அளக்கும் கருவியை வைத்து எண்ணைக் குறித்தேன். தொள்ளாயிரத்து எண்பது. தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு.

பதினேழாவது முளையில் நூற்றுப்பத்து.

வானத்தில் பொட்டு மேகம் இல்லை. கருவியைத் துடைத்து வைத்தேன். நூற்றுப்பத்து. மூன்றாம் முறையும் அதேதான். பிறகுதான் தரையைப் பார்த்தேன். நாலு மூலையோடு வெட்டி வைத்தது போல ஒரு நிழல். அதற்கு மேலே ஒன்றுமே இல்லை.

டிக்.

தகரக் கூரை சூடேறும்போது வருமே, அந்தச் சத்தம். என் தலைக்கு மேலே.

டிக். டிக்.

ஜீப் ஓட்டும் அண்ணன் தூரத்திலேயே நின்றிருந்தார்.

"வெளிய வா தங்கச்சி," என்றார் மெதுவாக.

வெளியே என்றார். வெட்டவெளியில் நின்றவளிடம்.

"இங்க என்னண்ணே இருந்துச்சு?"

"தகர வீடு. ஒரு அக்கா தனியா இருந்தாங்க. காய்ச்சல்னு படுத்துக் கெடந்தாங்க. புல்டோசர் ஓட்டுனவன் கதவத் தட்டிப் பாக்கலாம்னான். கூட வந்த உங்க ஆபீஸ் சார், 'பேப்பர்ல பாறைன்னு இருக்கு, பாறைக்கு யாராவது கதவத் தட்டுவானா'ன்னு சிரிச்சாரு. அப்புறம் எல்லாத்துக்கும் மேல மண்ணப் போட்டுட்டாங்க."

பயம் போய்விட்டது. கோபத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் காலை படிவத்தையும் கருவியையும் சாரின் மேஜையில் வைத்தேன்.

"பதினேழுல மெஷின் ரிப்பேர்னு போடு. மத்தியானம் கூட்டத்துல இடத்துக்குக் கடைசி ஒப்புதல் குடுக்கறாங்க."

"மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். அங்க வீடு இருந்துச்சு. உள்ள ஆள் இருந்தாங்க. உங்களுக்குத் தெரியும்."

"பாறைன்னு எழுதுனது நானா? மாட்டுனா மொதல்ல நீதான்."

பேனாவை எடுத்து அவர் கண்ணெதிரே எழுதினேன்: வீடு ஒன்று. ஆள் ஒருவர். மண்ணுக்கு அடியில்.

அவர் படிவத்தைப் பிடுங்கிக் கிழித்தார்.

டிக்.

கான்கிரீட் கூரைக்குக் கீழே இருந்தோம். மேஜைமேல் விழுந்த ஜன்னல் வெயிலில் நேர்க்கோடாக ஒரு நிழல் ஏறி, அவர் கைமேல் நின்றது. கையை வெடுக்கென்று இழுத்தார். நிழலும் கூடவே போனது. கருவியில் எண் சரிந்துகொண்டே இருந்தது.

"ஜன்னலச் சாத்தும்மா," என்றார்.

நான் சாத்தவில்லை. வேறு படிவம் எடுத்து அதையே எழுதி, நேராகக் கூட்டத்தில் கொடுத்தேன். அந்த இடத்தில் வேலை நிறுத்தப்பட்டது. தோண்டப்போகிறார்கள்.

இன்று ஞாயிறு, நடுப்பகல். மொட்டை மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என் பழைய படிவத்தின் நகல் மடியில் இருக்கிறது. தாள் முழுக்க வெயில். என் கையெழுத்தின் மேல் மட்டும் நிழல். தொட்டால் சில்லென்றிருக்கிறது.

தகரக் கதவைத் தட்டும் சத்தம் கேட்கிறது.

அந்த நிழலுக்கு உள்ளிருந்து.